வராதவனுக்கு லெவல் கிடையாது

அந்த விதியை எழுதியவன் நான்தான். நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில், நீல மையில், பெரிய எழுத்தில்: "ஞாயிறு காலை பத்து மணி. வராதவனுக்கு லெவல் கிடையாது. பத்தரைக்கு மேல் வருபவனும் வராதவனே." வாசித்துக் காட்டியபோது இருந்த மூன்று பேரும் கைதட்டினார்கள். அவனும்தான் தட்டினான். அவன் தட்டிய சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அதைத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோது கற்றுக்கொண்டேன். திரை கிடையாது, பலகை கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக இருப்பார்கள். கதவை உடைக்கலாமா, ஆற்றைத் தாண்டலாமா என்பதை எல்லாம் பகடை தீர்மானிக்கும். இருபது முகம் கொண்ட பகடை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதில் பலம், புத்தி, உயிர்ப்புள்ளி எல்லாம் எண்களாக எழுதியிருக்கும். கதையில் ஒரு கட்டம் முடிய மூன்று நான்கு ஆட்டம் ஆகும்; அது முடியும் நாளில் பிழைத்திருப்பவன் ஒரு லெவல் ஏறலாம். முதல் லெவலில் இருப்பவனை ஒரு பெருச்சாளி மூன்று கடியில் கொன்றுவிடும். ஏழாம் லெவலுக்கு வந்துவிட்டால் ஓநாய்க்கூட்டமே வந்தாலும் அவனுக்கு நாய்க்குட்டிகள்.

கதை சொல்பவனின் உண்மையான வேலை கதை சொல்வது அல்ல. எதிரியை அளப்பது. எதிரி இளைத்தவனாக இருந்தால் ஆடுபவர்கள் கொட்டாவி விடுவார்கள். பலத்தவனாக இருந்தால் எல்லாரும் செத்துப்போவார்கள். ஆளின் லெவலைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயிக்கக்கூடிய அளவுக்கு எதிரியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது. என் வாழ்க்கையும் அப்படித்தான் போனது என்று அப்போது நம்பினேன். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை வெட்டுபவர். அம்மா மரத்தடிக்கு மருந்து அடித்தவர். இருவருமே ஆறாம் ஆண்டைத் தாண்டவில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆறாம் ஆண்டுப் பரீட்சை, மூன்றாம் படிவம், ஐந்தாம் படிவம், அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றும் என் அளவுக்கு ஏற்றமாதிரி வந்தது. நான் ஜெயித்தேன். அடுத்தது கொஞ்சம் பெரிதாக வந்தது. உலகத்தை யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. வீடு கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை காலையில், பூட்டிக் கிடந்த ஆயாக் கொட்டகையைத் திறந்து ஆட்டத்தை ஆரம்பித்தேன். தாய்மார்கள் வேலைக்காட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற கொட்டகை அது. தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் உத்திரத்தில் இருந்தன. கைத்தொலைபேசிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவோம். அதுவும் என் விதி.

ஆடியவர்கள் மூன்று பேர். ஒருவன் குலை லோரி ஓட்டுபவன். வாய் ஓயாது. இன்னொருத்தி டவுனில் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். மந்திரக்காரி பாத்திரம் அவளுடையது. மூன்றாவது ஆள் அவன், என் வயதுக்காரன், என் பக்கத்து வீட்டுக்காரன். ஆரம்பப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவன் ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். பரீட்சையில் சரித்திரத்தில் விழுந்துவிட்டான். அதில் விழுந்தால் சான்றிதழே கிடையாது. அதோடு செரண்டாவில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். ஆட்டத்தில் அவன் கேடயக்காரன். எல்லாருக்கும் முன்னால் நின்று முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்பவன்.

லோரிக்காரன் என்னை மண்டோர் என்று கூப்பிடுவான். தோட்டத்தில் விடியற்காலையில் மண்டோர், அதாவது கங்காணி, ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். பேர் கூப்பிடும்போது இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. என் விதியை முதன்முதலில் கேட்ட அன்றே லோரிக்காரன் சொன்னான்: "பட்டம் வாங்கிட்டு வந்து பெரட்டு வைக்கிறான் பாரு. ஐயா மண்டோர், காக்கிச் சட்டை எங்க?" எல்லாரும் சிரித்தோம். என் அப்பா ஐந்து நிமிடம் தாமதமாகப் போய்ப் பெரட்டிலிருந்து திரும்பி வந்த காலைகள் எனக்குத் தெரியும். திண்டில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பார், வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல். ஆனாலும் அந்தச் சிரிப்பில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்று, அதனால் அது நியாயம். அவ்வளவுதான் என் யோசனை.

கேடயக்காரனுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. ஒரு மாதம் பகல், ஒரு மாதம் இரவு. பகல் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் வேலை இருக்கும். இரவு மாதத்தில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெளியே வருவான். தொழிற்சாலை பஸ் உலு யாம் பக்கத்து ஆட்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்பும். எங்கள் முச்சந்திக்கு வந்துசேர பதினொன்று ஆகிவிடும். ஆக எந்த மாதமாக இருந்தாலும் அவனால் பத்து மணிக்கு வர முடியாது. வேலை மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்த ஞாயிறுகளில் மட்டும் வந்தான். ஏழு மாதத்தில் மற்ற இருவரும் எட்டாம் லெவலுக்குப் போய்விட்டார்கள். அவன் நான்கில் இருந்தான்.

லெவல் சமமில்லாத கூட்டத்தை நடத்துவது கொடுமை. எட்டாம் லெவலுக்கு அளந்த எதிரி நான்காம் லெவல்காரனை ஒரே அடியில் சாய்த்துவிடுவான். நான்காம் லெவலுக்கு அளந்தால் மற்றவர்களுக்கு அது கொசு. நான் கண்டுபிடித்த வழி அவனைப் பின்னால் நிறுத்துவது. கேடயக்காரனைத் தீப்பந்தம் பிடிக்க வைத்தேன்.

"டேய் கேடயம், பின்னால போயி லைட்டப் புடி லா," என்பான் லோரிக்காரன். "நீ செத்துட்டா நாங்கதான் தூக்கிட்டு வரணும்."

"என் கேடயத்துக்குப் பின்னால ஒளிஞ்சே வளந்த நாய்தானே நீ."

"வளந்துட்டேன்ல. நீ இன்னும் பாலர் பள்ளியிலதான் இருக்க."

அவனும் சிரிப்பான். ஆனால் தன் முறை வரும்போது பகடையை எடுத்து உருட்டாமல், "நான் லைட்டப் புடிச்சிட்டு நிக்கிறேன். அடுத்த ஆளப் பாரு" என்று சொல்ல ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு என்னிடம் கேட்டான். "மச்சான், எனக்கு ரெண்டு லெவல் போட்டுக் குடுத்துரு லா. யாருக்கு என்ன நட்டம்?"

"வந்தவங்களுக்கு நட்டம். அவங்க கஷ்டப்பட்டு ஏறுனது."

"நான் மட்டும் வீட்ல தூங்கிட்டா இருந்தேன்? மெஷின் முன்னால நின்னுட்டு இருந்தேன்."

"அது வேற டா."

"ஆமா, அது வேற," என்றான்.

மருந்துக்கடைப் பெண்ணும் ஒருமுறை சொன்னாள், அவன் வராத நாளில். "அவன் வேலைக்குப் போற நாளையும் சேத்துக்க லா. கேடயக்காரன் எங்கியோ காவலுக்குப் போயிருக்கான்னு கதையில வச்சுக்கோ. ஒரு வரிதானே?" நான் அவளுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். எனக்கு யாரும் எதையும் சும்மா கொடுக்கவில்லை, சும்மா கிடைத்த லெவலுக்கு மதிப்பு இல்லை, அவனுக்கே அது அவமானம் என்றெல்லாம். அவள் பகடையை விரலால் சுற்றிக்கொண்டு, "சரி சார், சரி சார்" என்றாள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பெரியவர்களாகிப் பகடை உருட்டுகிறோம் என்று எங்கள் யார் வீட்டிலும் சொல்ல முடியாது. சூதாட்டம் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் அவன் தன் அம்மாவிடம் டியூஷன் என்று சொல்லியிருந்தான். நான் சரித்திரம் சொல்லித் தருவதாகவும், தான் மறுபடியும் பரீட்சை எழுதப் போவதாகவும். அத்தை என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். கணவர் இல்லை, பிள்ளை அவன் ஒருவன்தான். டியூஷன் என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வரும், இடியப்பமோ நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறோ. நான் மறுக்கவில்லை, திருத்தவும் இல்லை. ஒருநாள் குழாயடியில் நிறுத்திக் கேட்டார்.

"எப்படித் தம்பி படிக்கிறான்?"

"நல்லா வர்றான் அத்தை. விடாம வந்தா முன்னேறிடுவான்."

அந்தப் பதிலை யோசிக்காமல்தான் சொன்னேன். சொல்லும்போது பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை.

கதையின் கடைசிப் போர் நெருங்கியது. தோட்டத்து எண்ணெய் மில்லின் கழிவுக்குளத்துக்கு அடியில் ஒரு ராஜா இருக்கிறான் என்று கதையை அமைத்திருந்தேன். அவன் மூச்சே விஷம். ஆறாம் லெவலுக்குக் கீழே இருப்பவன் வாசலைத் தாண்டினாலே சாவான். அதுவும் நான் வைத்த அளவுதான். கேடயக்காரன் விரலை மடக்கிப் பார்த்தான். நான்கில் இருக்கிறான், இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கின்றன, கடைசிக் கட்டங்கள் ஞாயிறுக்கு ஒன்றாக முடியும். இரண்டுக்கும் வந்துவிட்டால் ஆறு.

"வந்துருவேன்," என்றான். "மூஞ்சியில விஷம் ஊதுனாலும் முன்னால நிக்கிறது நான்தான். லைட்ட இந்த லோரிக்காரன் புடிக்கட்டும்."

அது இரவு மாதம். பஸ்ஸில் வந்தால் பத்து மணிக்கு வந்துசேர முடியாது. மோட்டார் சைக்கிளில் வந்தால் முடியும். ஆனால் இரவு வேலைக்கு மோட்டாரில் போகக் கூடாது என்பது அத்தையின் கண்டிப்பு. சாவியைச் சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்கு அடியில் வைத்திருப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவன் எப்படிச் சாவியை வாங்கினான் என்று மட்டும் அப்போது கேட்கவில்லை.

முதல் ஞாயிறு ஒன்பது ஐம்பதுக்கே வந்துவிட்டான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி. கையுறைத் தூள் காதோரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆட்டத்தின் நடுவே மேசையில் தலை சாய்த்துத் தூங்கினான். லோரிக்காரன் அவன் காதில் பென்சிலை விட்டு ஆட்டினான். அவன் எழுந்து, "என் முறையா?" என்று கேட்டுப் பகடையை உருட்டினான். பத்தொன்பது விழுந்தது. அன்றைக்கு அவன் பாத்திரம் ஒரு பாலத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் தாளில் ஐந்து என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பரீட்சைக்கு முன்னால் நானும் இப்படித்தான் தூங்காமல் இருந்தேன், ஆசைப்பட்டால் இதுதான் வழி என்று நினைத்தேன். அடுத்த வாரம் மோட்டாரில் வராதே என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை.

இரண்டாம் ஞாயிறு பத்து மணிக்கு அவன் இல்லை. பத்தே காலுக்கும் இல்லை. மருந்துக்கடைப் பெண் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். "போன் அடிச்சுப் பாக்கட்டுமா?" என்றாள். ஓட்டிக்கொண்டிருப்பான், அடித்தால் எடுத்துத் தொலைப்பான், வேண்டாம் என்றேன். அது மட்டும்தான் அன்றைக்கு நான் சொன்ன உருப்படியான வார்த்தை. பத்தரை ஆனது.

"மண்டோர், பெரட்டு முடிஞ்சிருச்சு," என்றான் லோரிக்காரன். "ஆரம்பி லா. மதியம் எனக்கு லோட் இருக்கு."

நோட்டில் அவன் பேருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினேன். கைத்தொலைபேசிகளை டின்னில் போட்டு மூடினோம். ஒரு மணி வரை ஆடினோம். நல்ல ஆட்டம்.

டின்னைத் திறந்தபோது அத்தையிடமிருந்து ஒன்பது அழைப்புகள் இருந்தன.

தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்திக்கு முன்னால், சாலையோரத்தில் நின்றிருந்த ஒரு லோரியின் பின்புறத்தில் போய் மோதியிருந்தான். பிரேக் பிடித்த தடமே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நேரம் ஒன்பதே முக்கால். கொட்டகையிலிருந்து ஐந்து நிமிட தூரம். நாங்கள் அவனுக்காக வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் "வரவில்லை" என்று எழுதியபோது அவன் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஆம்புலன்சில் இருந்தான். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வார்டு வாசலில் அத்தை எல்லாரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். நர்சிடம், பக்கத்துக் கட்டில்காரரின் மகளிடம், கோப்பி விற்ற ஆளிடம். "ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு, படிக்கணும்னு ஓடி வந்த புள்ளைங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: "சாவிய நான்தான் தம்பி எடுத்துக் குடுத்தேன். வண்டியில போகாதன்னு எத்தன வருசமா சொன்னவ. கிளாசு பத்து மணிக்கும்மா, பஸ்ஸுல வந்தா முடியாதுன்னான். படிப்புக்குத்தானேன்னு குடுத்துட்டேன். என் கையாலயே குடுத்துட்டேன்."

அவருடைய உள்ளங்கை கரடுமுரடாக, சூடாக இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

ஐந்தாம் நாள் அவனோடு பேச விட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் பழைய குரல்.

"முடிச்சிட்டீங்களா?"

"இல்ல. வாசல் வரைக்கும்தான்."

"எனக்குப் பேர் போட்டியா அன்னைக்கு?"

"போட்டேன்."

"பொய். நீ போட மாட்ட. உன்ன எனக்குத் தெரியாதா?"

"இப்பப் போட்டுறேன் டா. ஆறு. ஏழு வேணும்னாலும் எழுதிறேன்."

"கால் போன பிறகா?" என்று சிரித்தான். இருமல் வந்தது. "கால் இருந்தப்ப கேட்டேன், குடுக்கல. இப்பக் குடுத்தா அது பிச்சை மச்சான். நீதானே சொன்ன, சும்மா கெடச்சா மதிப்பு இல்லன்னு." மருந்துக்கடைப் பெண் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அம்மாட்ட ஒண்ணும் சொல்லிறாத. படிக்க வந்த புள்ளன்னு ஊரு முழுக்கச் சொல்லிட்டாங்க. அது ஒண்ணுதான் இப்ப அவங்ககிட்ட இருக்கு" என்றான்.

நான் சரி என்றேன்.

அவன் வீடு திரும்பி மூன்று வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். வெளியில் இருந்து பரீட்சை எழுதுபவர்களுக்கான பதிவுப் பாரம். டவுனில் ஒரு கடையில் சொல்லி அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார். "இனிமே நின்னு செய்யிற வேலைக்கு அவன் போக முடியாது. உக்காந்து செய்யிற வேலைக்கு அந்தச் சர்ட்டிபிகேட் வேணுங்கிறாங்க. நீயே நிரப்பிக் குடு தம்பி. ஆறேழு மாசமா படிச்சிருக்கான்ல, தேறிருவான்."

பேனாவை எடுத்தேன். அவன் பெயரை எழுதினேன். அடையாள அட்டை எண்ணை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. படிப்புக்காகத்தான் சாவியைக் கொடுத்தேன் என்று இந்த அம்மாள் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார். தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார். அவனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருந்தது. இது இன்னொரு பக்கம். நான் சொல்லிவிட்டேன்.

டியூஷன் இல்லை, ஒரு விளையாட்டு என்றேன். அவர் அதிரவில்லை. என்ன விளையாட்டு என்று கேட்டார். லெவல், பகடை, பத்து மணி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. கழிவுக்குளத்து ராஜாவைப் பற்றிச் சொன்னபோது என் காது சுட்டது. வராதவனுக்கு லெவல் கிடையாது என்பதை மட்டும் அவர் இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டார்.

"அவன் ஏன் வரல?"

"வேலை, அத்தை."

"வேலைக்குப் போனவன எப்படித் தம்பி வராதவன்னு எழுதுன? நானும் இருபத்தாறு வருசம் பெரட்டுல நின்னவதான். வராதவன்னா வீட்ல கெடக்குறவன். எங்கள எழுதுன மண்டோர்கூட, வேற காட்டுக்கு வேலைக்கு அனுப்புன ஆள வரலன்னு எழுத மாட்டான்."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"புள்ள ஒரு விளையாட்டுக்காகவா ஓடி வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பாரத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"மிச்சத்த நிரப்பு."

"அத்தை?"

"நிரப்பு. டியூஷன்னு சொன்னீங்கல்ல ரெண்டு பேரும்? இனிமே சொல்லிக் குடு. வெளிய யார்ட்டயும் இதப் பேசாத. நான் எல்லார்ட்டயும் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

சாவியைப் பற்றி அவர் பேசவே இல்லை. நான் சொன்னதால் அவர் மனது லேசாகும் என்று எண்ணியது என் முட்டாள்தனம். மகனின் கால் போனதற்கு ஒரு காரணமாவது அவரிடம் இருந்தது. அதையும் நான் பறித்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போகிறேன். கொட்டகையை மறுபடியும் பூட்டியாகிவிட்டது. லோரிக்காரன் வேறு வழியாகப் போகிறான். என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பான், நிறுத்த மாட்டான். மருந்துக்கடைப் பெண் கேடயக்காரனைப் பார்க்க வருவாள், நான் இல்லாத நேரமாகப் பார்த்து.

முதல் ஞாயிறு அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "சொல்லிட்டல்ல," என்றான். அவ்வளவுதான். நான் சரித்திரத்தை உரக்க வாசித்தேன். அத்தை வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தார். மூன்று வாரம் இப்படியே போனது. நான்காம் வாரம் ஒரு யோசனை செய்தேன். ஐந்தாம் படிவத் தாள் அவனுக்கு மலை. அதனால் மூன்றாம் படிவத்திலிருந்து எளிமையான கேள்விகளாகப் பொறுக்கி, ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். அவனால் பதில் சொல்ல முடியும், நம்பிக்கை வரும், அடுத்த வாரம் கொஞ்சம் ஏற்றலாம்.

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"எனக்காக இறக்கிட்டியா?"

"படிப்படியா போலாம்னுதான்..."

"பரீட்சையில எவன் எனக்காக இறக்குவான்? பேக்டரியில இறக்குவானா?" தாளை நான்காகக் கிழித்தான். கோபமாகக்கூட இல்லை, நிதானமாக. "எல்லாருக்கும் வர்ற தாளையே கொண்டா. மார்க்கு போடுறப்ப பாவம் பாக்காத. பாத்தீன்னு தெரிஞ்சா உன்ன இந்த வாசப்படி ஏற விட மாட்டேன்."

அடுத்த வாரம் போன வருடத்துத் தாளையே கொண்டுபோனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து இரண்டரை மணி நேரம் எழுதினான். இல்லாத கால் அரிக்கிறது என்று இரண்டு முறை எழுதுவதை நிறுத்தினான். மலாயில் வாக்கியம் வராத இடங்களில் வெறும் சொற்களாக வரிசைப்படுத்தியிருந்தான். நான் அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். இரண்டு இடங்களில் கை தயங்கியது. அரை மார்க்கு கொடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கொடுக்கவில்லை.

நூற்றுக்குப் பதினொன்று.

அவன் வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். நான் சிவப்பு மையில் கோடு போட்ட இடங்களில் எல்லாம் விரலை வைத்துப் பார்த்தான்.

"தேற எவ்வளவு வேணும்?"

சொன்னேன்.

"பரீட்சைக்கு எத்தன வாரம் இருக்கு?"

அதையும் சொன்னேன். அவன் கூட்டிக் கழித்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது. அந்தக் கணக்கை வழியிலேயே நானும் போட்டுப் பார்த்திருந்தேன். வாரத்துக்கு ஒன்றாக ஏறினால் போதாது. இரண்டாக ஏறினாலும் போதாது.

"முடியாதுல்ல?" என்றான்.

"இந்தத் தடவ முடியாதுன்னுதான் நெனைக்கிறேன்," என்றேன்.

வாசற்படியில் அத்தையின் கை கீரைமேல் அப்படியே நின்றது.

அவன் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். ஊன்றுகோலை இழுத்துப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டான். "சரி," என்றான். "அடுத்த தாள எப்பக் கொண்டாருவ?"